படிப்புக்கு ஒரு டிஸ்ப்ளே கார்டு

எங்கள் வீட்டில் விளையாட்டுக்கென்று யாரும் கம்ப்யூட்டர் வாங்கியதில்லை. 2005இல் அப்பா எனக்கு வாங்கித் தந்தது படிப்புக்கு. கொரோனா ஊரடங்கில் மகனுக்கு நான் வாங்கியது ஆன்லைன் வகுப்புக்கு. இப்போது அதை அவன் அப்கிரேட் செய்யக் கேட்பதும், சத்தியமாக, படிப்புக்குத்தான்.

அந்த முதல் கம்ப்யூட்டரின் பில்லில் 'திருமானூர், பெரம்பலூர் மாவட்டம்' என்று இருக்கும். அப்போது எங்கள் ஊரே அப்கிரேட் ஆவதும் இறங்குவதுமாக இருந்தது. 2001இல் அரியலூர் மாவட்டம், 2002இல் திரும்பவும் பெரம்பலூர், 2007 நவம்பரில் மறுபடி அரியலூர்.

கரும்புப் பணம் வந்த கையோடு அப்பாவும் நானும் கொள்ளிடம் பாலம் தாண்டி, திருவையாறு வழியாகத் தஞ்சாவூர் போனோம். கூட வந்தவன் சித்தப்பா மகன். காலேஜில் படிப்பவன், கம்ப்யூட்டர் தெரிந்தவன்; குடும்பத்தில் அப்படி ஒருவன் இருந்தால் போதும், அவன் சொல்வதே வேதம். கடைக்காரர் கொட்டேஷன் எழுதினார். பெண்டியம் 4, 256 எம்பி ராம், 40 ஜிபி ஹார்டு டிஸ்க், 17 இஞ்ச் மானிட்டர். கடைசியாக, சித்தப்பா மகன் கண்ணைக் காட்டியதும், எம்எக்ஸ் 440, 64 எம்பி.

அப்பா அந்த வரியில் விரலை வைத்தார். "இது என்னாப்பா?"

"டிஸ்ப்ளே கார்டு, பெரியப்பா."

"அது இல்லாட்டி படம் தெரியாதா?"

சித்தப்பா மகன் பொய் சொல்லவில்லை. "நல்லாத் தெரியாது" என்றான்.

"அப்ப அதுலயே ஒசத்தியாப் போடச் சொல்லு. கண்ணக் கெடுத்துக்கிட்டு என்ன படிப்பு?"

பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸில் அப்போது ஸ்டார் ஆபீசும் சி++உம். மூன்று எண்களில் பெரியது எது என்று கண்டுபிடிக்கும் புரோகிராமுக்கு 64 எம்பி கார்டு தேவையில்லை. ஜிடிஏ வைஸ் சிட்டிக்குத் தேவை. அந்தக் கார்டும் பெயரில்தான் ஜிஃபோர்ஸ் 4. பிக்சல் ஷேடர் கிடையாது, வேலையெல்லாம் ஜிஃபோர்ஸ் 2 காலத்தது. ஆனால் எம்பியைத் தவிர வேறு எதையும் கேட்கத் தெரியாத காலம் அது. ஆயுதபூஜைக்கு சிபியூவுக்கும் மானிட்டருக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தார் அம்மா. உள்ளே ஹார்டு டிஸ்க்கில் வைஸ் சிட்டியும் அந்தப் பூஜையை ஏற்றுக்கொண்டது.

"பின்னாடி அப்கிரேட் பண்ணிக்கலாம் சார்" என்று அன்று எல்லாக் கடைக்காரர்களும் சொல்வார்கள். பின்னாடி போய்க் கேட்டால், அந்த சாக்கெட் போய்விட்டது, ஏஜிபி போய் பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்துவிட்டது, டிடிஆர் போய் டிடிஆர்2 வந்துவிட்டது என்பார்கள். பழைய மெஷினிலிருந்து புதியதற்கு மாற்ற முடிந்தது டஸ்ட் கவர் மட்டும்தான்.

2011 செப்டம்பரில் அரசே மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்க ஆரம்பித்ததும் வீடுகளில் ஒரு சங்கடம் வந்தது. படிப்புக்குத்தான் லேப்டாப் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு? அடுத்த வருஷம் கரண்ட்டும் கண்ட நேரத்தில் போய்க்கொண்டிருந்ததால் அந்தக் கேள்வி அப்படியே அடங்கிப்போனது.

இப்போது மகனின் முறை. வீட்டில் இருப்பது ரைசன் 3 3200ஜி, பி450 போர்டு, ஒற்றைக் குச்சி 8 ஜிபி ராம். அவன் முன்னால் கடைக்காரரும் இல்லை, சித்தப்பா மகனும் இல்லை, யூடியூப் இருக்கிறது. ஒன்று நிஜமாகவே மாறியிருக்கிறது. இந்த ஏஎம்4 போர்டில் பயாஸை அப்டேட் செய்தால் 2022இல் வந்த ரைசன் 5 5600 அப்படியே உட்காரும். ஆறு கோர், 65 வாட். கடைக்காரர்கள் அன்று கொடுத்த வாக்கு இத்தனை வருஷம் கழித்துப் பலித்திருக்கிறது.

கார்டுக்கு அவன் கேட்பது ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி. "ஏஐ படிக்க ஜிபியூ வேணும்ப்பா."

நான் என் அப்பா இல்லை. எனக்கு டிஸ்ப்ளே கார்டு தெரியும். "ஏஐன்னா குடாதானடா எல்லாரும் சொல்றாங்க? அது என்விடியாலதான இருக்கு? நீ ஏன் ஏஎம்டி கேக்குற?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நல்ல கேள்விப்பா" என்றான். அதற்குமேல் பதில் வரவில்லை. போடும் காசுக்கு அந்தக் கார்டில் கேம் நன்றாக ஓடும், அதுதான் பதில். அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இதுவும் பரம்பரைச் சொத்துதான்.

ஏஐ எங்களைச் சும்மா விடவில்லை. இரட்டைச் சேனலுக்காக இன்னொரு 8 ஜிபி ராம் போடலாம் என்று பார்த்தால், 2025 கடைசியிலிருந்து ராம் விலை கிடுகிடுவென ஏறிக் கிடக்கிறது. மெமரி கம்பெனிகள் சரக்கை ஏஐ சர்வர்களுக்குத் திருப்பிவிட்டனவாம். ஏஐ படிக்கப் போகிறேன் என்று கிளம்பியவனுக்கு ஏஐ வைத்த முதல் பாடம் அது.

புதுக் கார்டு கட்டுபடியாகாவிட்டால் பழையது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்றதும் மூட்டை மூட்டையாகக் கார்டுகள் சந்தைக்கு வந்தன. விற்பவர்களைக் கேட்டால் ஒரு கார்டுகூட மைனிங்கில் ஓடியதில்லை. பழைய கார் சந்தையில் எல்லா வண்டியையும் டாக்டர்தான் ஓட்டியிருப்பார் இல்லையா, அதுமாதிரி.

நான் பிடிவாதமாக நின்றது எஸ்எம்பிஎஸ்ஸில். அன்று அது கேபினெட்டோடு இலவசமாக வரும் தகரப் பெட்டி. ஸ்டிக்கரில் என்ன வாட் போட்டிருக்கிறதோ அதை நம்ப வேண்டியதுதான். ஆர்எக்ஸ் 6600 தனியாகவே 132 வாட் இழுக்கும், எட்டு பின் ஒயர் ஒன்று வேண்டும். 450 வாட்டாவது உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ் இல்லாமல் அதை மாட்டுவது, கார்டையும் போர்டையும் சேர்த்துப் பணயம் வைப்பது. எனவே வரிசை இப்படி முடிவானது: முதலில் எஸ்எம்பிஎஸ், அப்புறம் கார்டு, அடுத்த செமஸ்டரில் பிராசசர், விலை இறங்கினால் ராம். 600 விஏ யூபிஎஸ்ஸை மாற்றும் பேச்சே இல்லை. கரண்ட் போனால் கேமை மூடிவிட்டு நிஜமாகவே படிக்கட்டும்.

லிஸ்ட்டின் கடைசி வரி, ஆர்ஜிபி ஃபேன் மூன்று. "இது எந்த சப்ஜெக்டுக்குடா?"

"கூலிங்ப்பா. மெஷின் சூடானா படிப்பு கெடும்."

என் அப்பா இருந்திருந்தால் நாலாகப் போடச் சொல்லியிருப்பார்.