அவலட்சணப் பக்கத்துக்கு ஒரு வக்காலத்து

இணையதளம் செய்யக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு கவலை வந்துவிடுகிறது: பின்னணிக்கு என்ன நிறம் வைப்பது? தளத்தில் என்ன எழுதப்போகிறோம் என்பது இன்னும் முடிவாகியிருக்காது. மாமாவின் ஜவுளிக்கடைக்கா, சொந்தக் கவிதைகளுக்கா என்பதுகூடத் தெரியாது. ஆனால் தலைப்பு தங்க நிறத்தில் ஜொலிக்க வேண்டும், மவுஸைக் கொண்டுபோனால் அது கொஞ்சம் குலுங்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமே இருப்பதில்லை. கற்றுக்கொடுக்கிறவர்களும் இதற்கு உடந்தை. ‘வெப் டிசைனிங்’ என்று வாசலில் பலகை வைத்துவிட்டு, வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்தை மட்டும் காட்டினால் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்று அவர்களுக்குப் பயம். என் கட்சி இதற்கு நேர் எதிர். எச்.டி.எம்.எல். கற்கிறவரின் முதல் பக்கம் அவலட்சணமாகத்தான் இருக்க வேண்டும். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, நீல நிறத்தில் இணைப்புகள், அவ்வளவுதான். அலங்காரம் பாவம் என்பதற்காகச் சொல்லவில்லை. இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது இன்னொரு பக்கத்துக்குப் போகும் வழி என்று ‘டேக்’ எனப்படும் குறிகளால் பிரவுசருக்கு எடுத்துச் சொல்வதுதான் எச்.டி.எம்.எல்லின் வேலை. மேக்கப் வேலையை அதன் தலையில் கட்டியபோதெல்லாம் அது சொதப்பியிருக்கிறது. அதற்கு முப்பது வருட ஆதாரம் இருக்கிறது.

உலகின் முதல் இணையதளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ல் யோசனை கொடுத்து, 1991-ல் வெளியுலகுக்கு அறிவித்த தளம் அது. படம் கிடையாது, நிறம் கிடையாது, நடுவில் நிறுத்திய தலைப்புகூடக் கிடையாது. 2013-ல் செர்ன் அதைப் பழைய முகவரியிலேயே மீட்டு வைத்தது. இன்றைய பிரவுசரில் முனகாமல் திறக்கிறது. அதற்குப் பிறகு வந்த அழகான தளங்கள் எத்தனை இப்படித் திறக்கும் என்று கேட்டால் பதில் சங்கடமாகத்தான் இருக்கும். ஏனென்றால் அழகுக்கு ஆசைப்பட்ட காலம் உடனே வந்துவிட்டது. நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மான்டுல்லி, ஒரு மதுக்கூடத்தில் பேச்சுவாக்கில், எழுத்து மட்டுமே காட்டும் பழைய பிரவுசரில்கூட எழுத்தைக் கண்சிமிட்ட வைக்கலாம் என்று வேடிக்கையாகச் சொன்னாராம். இரவோடு இரவாக அங்கிருந்த ஒரு பொறியாளர் அதைச் செய்தே முடித்துவிட்டார். அப்படிப் பிறந்தது ‘பிளிங்க்’ டேக். உலகம் முழுவதும் எழுத்துகள் கண்சிமிட்டத் தொடங்கின. ஃபயர்ஃபாக்ஸ் அதை ஒழித்துக்கட்ட 2013 ஆகிவிட்டது. போட்டிக்கு மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ‘மார்க்யூ’ டேக்குக்கு ஆயுசு இன்னும் கெட்டி. அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று எச்.டி.எம்.எல். விதிமுறையே சொல்லியும், நம்மூர்க் கல்லூரித் தளங்கள் பலவற்றில் ஏதோ ஒரு பழைய சேர்க்கை அறிவிப்பு ‘புதியது’ என்ற மினுக்குப் படத்தோடு வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. படித்து முடிப்பதற்குள் ஓடிவிடும், அது திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய கூத்து அட்டவணைகளை வைத்து நடந்தது. எண்களை அடுக்குவதற்கென்று வந்த டேபிள் டேக்கை வைத்து, பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து அழகுபடுத்தலாம் என்று டேவிட் சீகல் 1996-ல் ஒரு புத்தகத்தில் கற்றுக்கொடுத்தார். இடைவெளி வேண்டிய இடத்தில் ஒரே ஒரு பிக்சல் அளவுள்ள, கண்ணுக்கே தெரியாத படத்தை இழுத்துச் சொருகுவது அதில் ஒரு உத்தி. புத்தகம் அமோகமாக விற்றது. மறுவருஷமே, வலையைக் கெடுத்தவன் நான்தான் என்ற பொருளில் அவரே ஒரு கட்டுரை எழுதினார். இத்தனைக்கும் தோற்றத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் சி.எஸ்.எஸ்.ஸின் முதல் பதிப்பு 1996 டிசம்பரிலேயே வந்துவிட்டது. பொருள் ஒரு கோப்பில், தோற்றம் இன்னொரு கோப்பில் என்ற எளிய ஏற்பாடு. அதை உலகம் ஏற்றுக்கொள்ளப் பல வருஷம் பிடித்தது. அந்தப் பல வருஷத்தையும் ஒவ்வொரு மாணவரும் முதலிலிருந்து மறுபடி வாழ வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

எச்.டி.எம்.எல். கற்பது சுலபம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதன் ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. சி மொழியில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால் கம்பைலர் பதினெட்டு வரி திட்டித் தீர்க்கும். பிரவுசர் அப்படியில்லை. உப்பில்லாத சாம்பாரை ஊற்றினாலும் ‘பிரமாதம்’ என்று சாப்பிட்டுவிட்டுப் போகிற விருந்தாளி அது. டேக்கை மூடாமல் விட்டாலும், ஒன்றுக்குள் ஒன்றை ஏடாகூடமாகச் சொருகினாலும், என்ன சொல்ல வந்தார் என்று தானே ஊகித்து ஏதோ ஒன்றைத் திரையில் காட்டிவிடும். இந்தப் பெருந்தன்மையை நிறுத்திப் பார்க்கவும் ஒரு முயற்சி நடந்தது. 2000-ல் வந்த எக்ஸ்.எச்.டி.எம்.எல்., முறைப்படி நடைமுறைப்படுத்தினால், ஒரு டேக் மூடாமல் போனாலே பக்கத்துக்குப் பதில் பிழைச் செய்தியைக் காட்டும். அத்தனை கண்டிப்பை உலகம் தாங்கவில்லை. அதன் இரண்டாம் பதிப்பு வெளிவராமலே 2009-ல் கைவிடப்பட்டது. அடுத்து வந்த எச்.டி.எம்.எல்.5, எந்தத் தப்பை எப்படி மன்னிக்க வேண்டும் என்பதையே விதியாக எழுதிவைத்தது. எல்லா பிரவுசர்களும் இப்போது ஒரே மாதிரி மன்னிக்கின்றன. இதனால் கற்கிறவருக்கு ஒரு பெரிய இழப்பு. தப்பு செய்தது தெரியாமலே தேர்ச்சி பெற்றுவிடுகிறார். நிறமும் நிழலும் போட்டு மூடிவிட்டால் தப்பு இன்னும் ஆழத்துக்குப் போய்விடும். ஒன்றும் போடாத பக்கத்தில் மட்டும்தான் தலைப்பைத் தலைப்பாகக் குறிக்காதது, பட்டியலைப் பட்டியலாக்காமல் கோடு போட்டு ஒப்பேற்றியது எல்லாம் பளிச்சென்று கண்ணில் படும்.

இந்தத் தப்புகளால் யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம். கண் தெரியாதவர்கள் என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பான் வழியாகத்தான் இணையத்தைப் படிக்கிறார்கள். தலைப்புகளாகத் தாவித் தாவி பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அறிகிறார்கள். வெறுமனே பெரிய எழுத்தாக ஊதிக் காட்டிய வாக்கியம் அந்த மென்பொருளுக்குத் தலைப்பு ஆகாது. இணைப்பாக வைத்த படத்துக்கு மாற்று விவரம் எழுதாமல் விட்டால், அது கோப்பின் பெயரையே ஒப்பிக்கலாம். வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு 2019 முதல் ஆண்டுதோறும் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்து வருகிறது. முதல் ஆண்டில் 100-க்கு 97-க்கு மேற்பட்ட பக்கங்களில் குறை. 2024-லும் 95-க்கு மேல். அந்தக் குறைகளில் எப்போதும் முதலிடம் எதற்குத் தெரியுமா? பின்னணியோடு ஒட்டிப்போய்ப் படிக்க முடியாத மங்கல் நிற எழுத்துக்கு. பணம் கொடுத்து, டிசைனர் வைத்து, கூட்டம் போட்டு முடிவெடுத்து வாங்கிய குறை இது. அவலட்சணப் பக்கத்தில் இந்தக் குறையை வரவழைக்கவே முடியாது.

தமிழில் எழுதுகிறவருக்கு வெற்றுப் பக்கம் இன்னும் சில பாடம் சொல்லும். யூ.டி.எஃப்-8 என்று அறிவிக்கும் ஒரு வரியைத் தலைப்பகுதியில் எழுதாமல் விட்டால், பிரவுசர் இதை ஏதோ ஐரோப்பிய மொழி என்று நினைத்துக்கொள்ளலாம். ‘அ’ என்ற ஓர் எழுத்து சேமிப்பில் மூன்று பைட். மூன்றும் மூன்று தனி உருவாகப் பிரிந்து, தலையில் கொம்பு முளைத்த ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு குறிகளுமாக வந்து நிற்கும். தொண்ணூறுகளின் கடைசியில் தளத்துக்கொரு எழுத்துரு இறக்கிப் படித்த தலைமுறைக்கு இந்தக் காட்சி புதிதல்ல. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை எளிய வலைப்பக்கங்களாகத்தான் போட்டது. பக்கத்தில் இருந்தது எழுத்துதான், எழுத்தின் படம் அல்ல. அதனால்தான் முதலில் வேறு குறியீட்டில் இருந்த நூல்களைப் பிறகு யூனிகோடுக்கு மாற்ற முடிந்தது. அடுத்த பாடம் கவிஞர்களுக்கு. நோட்பேடில் வரி வரியாக மடக்கி எழுதிய கவிதையை அப்படியே எச்.டி.எம்.எல். கோப்பாகச் சேமித்து பிரவுசரில் திறந்தால், மடக்கு எல்லாம் காணாமல் போய் ஒரே பத்தியாக ஓடும். வரி உடைக்கும் டேக்கை ஒவ்வொரு முடிவிலும் போட்டால் அது மீண்டும் கவிதையாகும். புதுக்கவிதையைப் பற்றி மரபுக்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் புகாருக்கு பிரவுசரும் ஒரு சாட்சி.

இப்படிப்பட்ட பக்கத்தை யார் பார்ப்பார்கள் என்பது நியாயமான ஆட்சேபம். பார்ப்பவர் எதற்கு வருகிறார் என்பதைப் பொறுத்தது அது. கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று பார்க்க வந்தவருக்கு நான்கு வரி போதும். இன்றைய வலைப்பக்கங்களின் நடுத்தர எடை 2 எம்.பி.யைத் தாண்டிவிட்டது என்று, தளங்களை அளந்துவரும் எச்.டி.டி.பி. ஆர்க்கைவ் கணக்குகள் காட்டுகின்றன. திருக்குறள் 1330-ஐயும் யூனிகோடில் தட்டினாலும் அரை எம்.பி. வராது. அறம், பொருள், இன்பம் மூன்றையும் நான்கு தடவை அனுப்பக்கூடிய இடத்தில் ஒரு ‘நல்வரவு’ வந்து இறங்குகிறது. அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இரண்டாவது மாதம் சி.எஸ்.எஸ்.ஸோடு வரட்டும்.

கனமான ஆட்சேபம் இன்னொன்று. இந்தக் காலத்தில் யார் கையால் எழுதுகிறார்கள்? உலகத் தளங்களில் பத்தில் நான்குக்கு மேல் வேர்ட்பிரஸில் ஓடுகின்றன, ஏ.ஐ.யிடம் ஒரு வாக்கியம் சொன்னால் முழுப் பக்கமும் வந்து விழுகிறது. போதாததற்கு பெர்னர்ஸ்-லீயின் முதல் பிரவுசரிலேயே பக்கத்தைத் திருத்தும் வசதியும் இருந்தது. மனிதர்கள் டேக்குகளைக் கையால் தட்டுவார்கள் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. இதில் எதையும் மறுக்கப்போவதில்லை. ஆனால் வந்து விழுந்த பக்கத்தில் தொலைபேசி எண் தப்பாக இருந்தால் எங்கே போய்த் திருத்துவது, படத்துக்கு விவரம் எழுதியிருக்கிறதா, பட்டன் மாதிரித் தெரிவது உண்மையிலேயே பட்டன்தானா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். பார்க்கத் தெரியாதவருக்கு பிரவுசரும் மன்னிக்கிறது, ஏ.ஐ.யும் பாராட்டுகிறது. கண்டிக்க ஆளே இல்லை. எச்.டி.எம்.எல். புரோகிராமிங் மொழியே இல்லை என்று சிரிக்கிறவர்களும் உண்டு. உண்மைதான், அதில் நிபந்தனையும் இல்லை, சுழற்சியும் இல்லை. அதை மட்டும் வைத்து வேலை கிடைக்காது என்பதும் உண்மை.

இத்தனைக்குப் பிறகும் படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோட்பேடைத் திறந்து ஒரு தலைப்பு, இரண்டு பத்தி, ஒரு பட்டியல், ஓர் இணைப்பு எழுதுங்கள். மொழி தமிழ் என்றும், குறியீடு யூ.டி.எஃப்-8 என்றும் மேலே அறிவித்துவிடுங்கள். செல்போனில் எழுத்து சிறுத்துப் போகாமலிருக்க வியூபோர்ட் வரி ஒன்று. சேமிக்கும்போது ‘ஆல் ஃபைல்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் கோப்பின் பெயருக்குப் பின்னால் ‘டாட் டி.எக்ஸ்.டி.’ ஒட்டிக்கொள்ளும், விண்டோஸ் அதை உங்களுக்குக் காட்டாது.