ஷிப்ட்டுக்காரர் ஓய்வெடுக்கிறார்

அந்தமான் பேக்கேஜ் நோட்டீஸில் கடைசி இரண்டு நாளுக்கு நேரே ஒரே சொல்தான் அச்சடித்திருக்கும்: ‘லீஷர்’. அதற்கு முந்தைய நாட்கள் செல்லுலார் ஜெயில், படகு, மறுபடி படகு என்று ஓட்டமும் நடையுமாகக் கழிந்துவிடும். வில்லங்கம் தொடங்குவது இந்த லீஷரில்தான். சென்னைக்கு வடக்கே அத்திப்பட்டுப் பக்கத்து ஷிப்ட்டுக்காரர் ஒருவரை மனைவியோடு ஹேவ்லாக்கில் (2018 முதல் அது சுவராஜ் தீவு) இறக்கிவிட்டு, “இனிமே ஒரு வேலையும் இல்ல சார், ரிலாக்ஸ் பண்ணுங்க” என்று சொல்லிப் பாருங்கள். மெமோ வாங்கினவர் மாதிரி முகம் சுண்டிப்போகும்.

மின்நிலையமோ துறைமுகமோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டோ, எங்கே சம்பளம் வாங்கினாலும் இவர் ஒரே அச்சுதான். ஏ, பி, சி என்று மூன்று ஷிப்ட்டும் மாறி மாறிப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை எந்தக் கிழமையில் வரும் என்பதையே மறந்தவர். பெட்டிக்குள் டெஸ்டர் இல்லாமல் வெளியூர் கிளம்பமாட்டார். ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது நேற்றுவரை போர்ட் பிளேர் என்று நாம் சொன்ன ஊரில், தமிழ் பேசும் ஆட்டோக்காரர் “எந்த ஊரு சார்?” என்பார். பதில் வந்ததும், “அஜித் படத்துல காணாமப் போச்சே, அதுவா?” என்று ஆர்வமாகத் திரும்புவார். “அது அத்திப்பட்டி தம்பி, சினிமா. நாங்க இன்னும் இருக்கோம்.” 2001இல் ‘சிட்டிசன்’ வந்த நாளிலிருந்து ஊர்க்காரர்கள் சொல்லிச் சொல்லி அலுத்த பதில் இது.

ராதாநகர் கடற்கரையில் நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள். நம்மவர் உட்காரமாட்டார். முதலில் ஆள்காட்டி விரலால் கைப்பிடியை ஓர் இழுப்பு. பிறகு விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஊரில் படிகிற மின்நிலையச் சாம்பல் இங்கே இல்லை. இன்னோர் இழுப்பு. அப்போதும் இல்லை. நம்பிக்கை வராமல் கைக்குட்டையால் ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். அம்மணிக்கும் இதே வியாதி உண்டு. ரிசார்ட் வராந்தாவில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையை அரை மணிக்கொரு தரம் போய்ப் புரட்டிப் பார்ப்பார். சாயங்காலம் வரைக்கும் அது வெள்ளையாகவே இருந்தது அவருக்குக் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருக்கும். “ஏங்க, இங்க காத்தே அடிக்கலையா?”

கடல் இவர்களுக்குப் புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஊருக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் வங்காள விரிகுடாதான். நடுவில் பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு, சாம்பல் குட்டை, கன்வேயர், காமராஜர் துறைமுகம் எல்லாம் நிற்பதால் போய்ப் பார்க்கும் வழக்கமில்லை, அவ்வளவே. இவருக்குக் கடல் என்பது நிலக்கரிக் கப்பல் வந்து நிற்கும் இடம். அதனால் ராதாநகரில் அடிவானத்தையே வெகுநேரம் உற்றுப் பார்ப்பார். கவிதை ஊறுகிறது என்று நாம் நினைப்போம். “ஒரு கப்பலையும் காணோமே, பெர்த் காலியோ?” என்பார்.

மீன் விஷயத்திலும் சமாதானம் கிடையாது. பழவேற்காட்டு நண்டு தின்று வளர்ந்த நாக்கு. மெனு அட்டையில் நண்டின் விலையைப் பார்த்துவிட்டு, அந்தக் காசுக்குப் பழவேற்காட்டில் எத்தனை கிலோ வரும் என்று சர்வரிடம் கணக்குப் போட்டுக் காட்டுவார். அம்மணி இதற்குள் பருப்புப்பொடி டப்பாவைத் திறந்திருப்பார்.

அடுத்த புகார் சூரியன்மேல். சென்னையைவிடப் பதின்மூன்று பாகை கிழக்கே தள்ளியிருக்கும் தீவு. கடிகாரமோ இரண்டுக்கும் ஒன்றுதான். அதனால் மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டு கட்டிவிடும். பி ஷிப்ட் பாதிகூடத் தாண்டாத நேரம். “முழு நாளுக்கு வாடகை வாங்கிட்டு, அம்பது நிமிஷம் முன்னாடியே கடையை மூடினா எப்படி?” என்று ரிசப்ஷனில் கேட்பவர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான்.

அம்மணியின் ஓய்வு போனில் நடக்கிறது. சென்னையிலிருந்து கடலுக்கடியில் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் கேபிள் இழுத்து 2020 ஆகஸ்டில் அந்தமானுக்கு இணைப்புக் கொடுத்தார்களே, அதன் முழுப் பயனையும் அனுபவிப்பவர் அவர்தான். எதிர்வீட்டு அக்காவை வீடியோ காலில் அழைத்து, கேமராவைக் கடல் பக்கம் திருப்பாமல், அத்திப்பட்டிலுள்ள தம் வீட்டு மோட்டார் ரூம் பக்கம் திருப்பச் சொல்வார். “டேங்க் நிரம்பிடுச்சாக்கா? பால் பாக்கெட் வேணாம்னு சொன்னேனே, போடலியே?”

கடைசிநாள் மத்தியானம்தான் நம்மவருக்கு நல்ல காலம் பிறந்தது. கரண்ட் போயிற்று. பின்பக்கம் எங்கோ ஜெனரேட்டர் ‘தடதட’வென்று உயிர் பிடித்தது. ஊஞ்சலில் சவம்போல் கிடந்த மனிதர் துள்ளி எழுந்தார். “சத்தம் சரியில்லையே” என்றபடி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனவரை மூன்று மணி நேரம் காணவில்லை. அம்மணி தேடிக்கொண்டு போகையில், ஷெட்டுக்குள் கவிழ்த்த டீசல் பக்கெட்மேல் அமர்ந்து, ராமநாதபுரம் பக்கத்து ஆபரேட்டர் பையனுக்கு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். “பாரு தம்பி, மெயின்லேண்ட் கிரிட்டோட இங்க இணைப்பு கிடையாது. பெரும்பாலும் டீசல்தான். நம்ம நெய்வேலிக்காரங்க தெற்கு அந்தமான்ல 20 மெகாவாட் சோலார் போட்டிருக்காங்க. 20! எங்க பக்கம் வடசென்னையில 210ல மூணு, 600ல ரெண்டு, இப்ப 800ல புதுசா ஒண்ணு. அதில்லாம வல்லூர்ல 500ல மூணு. அந்த பேரிங்குக்கு கிரீஸ் வெச்சு எத்தனை நாளாச்சு?”

உள்ளங்கை முழுக்க கிரீஸ், முகம் முழுக்கச் சிரிப்பு. ஆறு நாளில் அம்மணி அவரை அப்படிப் பார்த்தது அன்றைக்குத்தான். திட்ட வாயெடுத்தவர், “டீ இங்கயே கொண்டாரச் சொல்லட்டுமா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பினார்.

மறுநாள் கிளம்பும்போது ரிசார்ட் மேனேஜர் பணிவாக ஒரு புத்தகத்தை நீட்டி, “உங்க அனுபவத்தை ரெண்டு வரி எழுதுங்க சார்” என்றார். சார்ஜ் ஒப்படைக்கிற முகத்தோடு வாங்கி, மார்ஜின் போட்டு, நேரம் குறித்து எழுதினார்:

‘08.40. ஜெனரேட்டர் பேரிங் சத்தம், கிரீஸ் வைக்கப்பட்டது. 4ஆம் அறை ஏ.சி. வடிகுழாய் அடைப்பு, பார்க்கவும். நீச்சல்குள பம்ப் ஓடுகிறது. கடல் நார்மல்.’

அதற்குக் கீழே அம்மணி பேனாவை வாங்கி எழுதியது: ‘சாம்பாரில் புளி அதிகம்.’