டெஸ்டர் மாமா

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் லிஃப்ட் இல்லாத ஃபிளாட்டுகள் உண்டு. வாட்ச்மேன் இல்லாத ஃபிளாட்டுகளும் உண்டு. டெஸ்டர் மாமா இல்லாத ஃபிளாட் கிடையாது.

வயது எழுபதைத் தாண்டியிருக்கும். உத்தியோகம் பார்த்தது பேங்கிலோ ஏ.ஜி. ஆபீஸிலோ; மின்சாரத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனாலும் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும். நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு வாக்கிங் போனாலும் கூடவே வரும். பூங்காவில் எதைச் சோதிப்பார் என்று யாரும் கேட்டதில்லை.

"கரண்ட் போயிடுத்து" என்று யாராவது சொன்னால் அவருக்குக் காது கூசும். "கரண்ட் எங்கயும் போகலை. ஒங்காத்து ஃபேஸ் போச்சு" என்று திருத்துவார். தெருமுனை பில்லர் பாக்ஸிலிருந்து கட்டடத்துக்கு ரெட், எல்லோ, ப்ளூ என்று மூன்று ஃபேஸ் வருகிறது. எந்த வீடு எதில் என்பது அவருக்கு மனப்பாடம்; வீட்டுக்காரர்களின் பெயர்தான் மறந்துவிடும். "எல்லோ மாமி திருச்சிக்குப் போயிருக்கா. ப்ளூவுல புதுசா யாரோ குடி வந்திருக்கா" என்றுதான் ஊர்க்கதை சொல்வார்.

மின்வாரியத்தை 2010இல் டான்ஜெட்கோ ஆக்கினார்கள். 2024இல் அதையும் பிரித்து விநியோகத்துக்கு வேறு பெயர் வைத்தார்கள். மாமாவுக்கு எல்லாமே ஈ.பி.தான். அவருடைய பொற்காலம் 2012. சென்னையிலேயே தினம் இரண்டு மணி நேரம் மின்வெட்டு; வீட்டுக்கு வீடு அழைப்பு. பிறகு மின்வெட்டும் குறைந்தது, இன்வெர்ட்டரும் வந்தது, மாமா கொஞ்சம் வாடித்தான் போனார். அவரைக் காப்பாற்றியது டிரையர்.

ஐப்பசி அடைமழையில் மொட்டைமாடிக் கொடியை நம்ப முடியாதவர்கள் டிரையர் வாங்க ஆரம்பித்தார்கள். "இந்த ஊர்ல வெயிலைக் காசு குடுத்தா வாங்குவா?" என்று முதலில் சிரித்தார். உள்ளே சூடேற்றுகிற காயில் மட்டுமே 2000 வாட் என்று தெரிந்ததும் குரல் தணிந்தது. 230 வோல்ட்டில் வகுத்தால் கிட்டத்தட்ட 9 ஆம்ப்ஸ். அதை 6 ஆம்ப்ஸ் பிளக்கிலும், மிக்ஸியோடு ஒரே ஜங்ஷன் பாக்ஸிலும் சொருகி வைத்திருக்கும் வீடுகளை எண்ணியபோது, இனி தனக்கு ஓய்வில்லை என்று புரிந்துவிட்டது.

"மாமா, டிரையர் ஓடலை..." என்று போனில் ஆரம்பித்தால் முடிப்பதற்குள் வாசலில் நிற்பார். மெஷினைத் தொடவே மாட்டார். முதலில் அதே பிளக்கில் இஸ்திரிப் பெட்டி. சுட்டால் பிளக் பிழைத்தது. அடுத்து எம்.சி.பி. "பாதியில நிக்கறது பாரு. கீழ வரைக்கும் தள்ளிட்டுத்தான் மேல ஏத்தணும்." ஏற்றியதும் மறுபடி விழுந்தால் விசாரணை: கீசர் போட்டிருந்ததா, ஏ.சி. ஓடியதா? எம்.சி.பி. நின்று ஆர்.சி.சி.பி. விழுந்தால் முகம் மாறும். "இது லோடு இல்லே, கசிவு. 30 மில்லி ஆம்ப்ஸ் கசிஞ்சாலே விழுந்துடும்" என்று ஒவ்வொரு பிளக்காகக் கழற்றச் சொல்வார். டிரம் சுற்றி, சூடு மட்டும் வராவிட்டால் ஃபில்டரை இழுப்பார். கை நிறையப் பஞ்சு வரும். "ஒங்காத்துக்காரர் வேஷ்டி பாதி இங்கேயே இருக்கேம்மா! காத்துப் போக வழியில்லேன்னா உள்ளே ஃபியூஸ் போகாம என்ன பண்ணும்?"

பழுது நீங்க ஐந்து நிமிஷம். விளக்கம் முடிய இரண்டு காபி. கம்பெனி மெக்கானிக் வந்தாலோ டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று வைவா நடத்துவார். அந்த மெக்கானிக் அடுத்த முறை வேறு ஆளை அனுப்பிவிடுவான்.

இப்படிப்பட்டவர் மகன் வீட்டுக்கு நியூஜெர்சி போனார். "அப்பா, இங்க எதையும் தொடக் கூடாது" என்று முதல் நாளே தடை உத்தரவு. ஒரு சனிக்கிழமை டிரையர் சுற்றுகிறது, துணி காயவில்லை. ஃபில்டர் பளிச்சென்று இருந்தது. மகனும் மருமகளும் மணிக்கணக்கில் வீடியோ பார்த்தார்கள். சோபாவிலிருந்து மாமா சொன்னார்: "ஃபேஸ் போச்சு."

"டிரம் சுத்தறதேப்பா! ஃபேஸ் போனா எப்படிச் சுத்தும்?"

அங்கே வீட்டுக்கு 120 வோல்ட் வீதம் இரண்டு லைன் வருகிறது. இரண்டும் சேர்ந்த 240தான் காயிலைச் சுட வைக்கும். மோட்டாருக்கு ஒன்றே போதும். ஒரு லைன் போனால் டிரம் குளிரக் குளிரச் சுற்றிக்கொண்டிருக்கும். பழைய வீடு, பேஸ்மென்ட்டில் டிரையருக்கான இரண்டு பிரேக்கர்களில் ஒன்று விழுந்திருந்தது. மாமா கீழே வரைக்கும் தள்ளி, மேலே ஏற்றினார். சூடு வந்தது.

ஊர் திரும்பியதும் அமெரிக்கா எப்படி என்று எல்லோரும் கேட்டார்கள். நயாகராவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அங்க கரண்ட் பாதி பாதியாப் போறதுய்யா. நம்மாத்துல போனா முழுசாப் போகும். அதுல ஒரு நேர்மை இருக்கு."