தோள் பூட்டு: கேள்வியும் பதிலும்

கேள்வி: பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் ஹாஃப் கார்டில் அகப்பட்டுக் கீழே கிடப்பவன், தப்பிக்கும் மார்க்கத்தைத் தேடாமல், மேலே இருப்பவனுடைய தோளைப் பூட்ட நினைக்கலாமா?

பதில்: அகப்பட்டவன் யார் என்பதை முதலில் நிச்சயித்துக்கொள்வோம். ஹாஃப் கார்டில் கீழே கிடப்பவனுடைய இரு கால்களுக்கிடையே இறுகிக் கிடப்பது மேலே இருப்பவனுடைய காலல்லவா! கிமுரா என்னும் தோள் பூட்டில் சிக்கியவன் முன்புறமாக உருண்டோ, எதிராளியின் தலையைத் தாண்டிக் காலெடுத்து வைத்தோ விடுபட முயல்வான்; கால் சிறைப்பட்டவனுக்கு அவ்விரு வழிகளும் எளிதில் வாய்ப்பதில்லை.

கேள்வி: மணிக்கட்டைப் பற்றி என் பலம் முழுவதையும் செலுத்தித் திருகுகிறேன், எதிராளியோ சிரிக்கிறார். என்ன குறை?

பதில்: சிரிக்க அவருக்குப் பூரண உரிமை உண்டு, அவருடைய சரீரம் முழுவதையும் எதிர்த்து உங்கள் இரண்டு கைகள் மட்டுமே போராடுகின்றன. முதுகு பாயில் படியக் கிடக்காமல் ஒருக்களித்துக்கொண்டு, உங்கள் இடுப்பருகே அவர் ஊன்றிய கையின் மணிக்கட்டை ஒரு கையால் பற்றி, மறு கையை அவர் தோளுக்கு மேலாகக் கொண்டுபோய்ப் புயத்தின் பின்புறமாக நுழைத்து, உங்கள் மணிக்கட்டையே பிடித்துக்கொள்ளுங்கள். அவருடைய முழங்கை செங்கோணமாக மடிந்து உங்கள் மார்போடு ஒட்டியிருக்கட்டும்; அங்கே இடைவெளி விழுந்தால் பிடியின் சக்தி அனைத்தும் விரயம். பிறகு இடுப்பை நகர்த்தி, உடம்பு முழுவதும் ஒன்றாகத் திரும்பினால், அவருடைய மணிக்கட்டு முதுகுப் பக்கமாகத் தலையை நோக்கி ஏறும்; முன்கை நெம்புகோலாகி, மேற்கை எலும்பு தோள்மூட்டுக்குள் உட்புறமாகச் சுழன்று தன் எல்லையைத் தொடும். அவர் தம் இடுப்புக் கச்சையைப் பற்றிக்கொண்டு கையைக் காக்க முனைந்தால் இழுபறியில் இறங்க வேண்டாம். ஊன்றுவதற்குக் கையில்லாதவரை அந்தப் பக்கமாகவே புரட்டி மேலே வந்துவிடலாம். இந்தப் பிடியில் எனக்கு மிகவும் பிரியமான அம்சம் இதுதான்.

கேள்வி: அது என்ன கிமுரா?

பதில்: மசாஹிகோ கிமுரா என்ற ஜப்பானிய ஜூடோ வீரர், 1951 அக்டோபர் 23 அன்று ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில், பிரேசிலின் எலியோ கிரேஸியை இந்தப் பிடியால் வென்றார். எலியோவின் கை முறிந்தும் அவர் பணியவில்லை. தமையனார் கார்லோஸ்தான் குறுக்கிட்டுப் போட்டியை நிறுத்தச் செய்தார். ஜூடோவில் 'உடே-கராமி' என வழங்கிய அந்தப் பிடிக்குப் பிரேசிலியர்கள் தங்களை வென்றவரின் பெயரையே சூட்டினார்கள். விளையாட்டு உலகில் இதைவிடப் பெருந்தன்மையான ஒரு செயலை நான் அறியேன்.

கேள்வி: எலியோவைப் போல நானும் பணியாமலிருந்தால் வீரமல்லவா?

பதில்: வேண்டவே வேண்டாம். தோள் வலித்துத்தான் எச்சரிக்கும் என்ற நிச்சயமில்லை. வலியை உணர்வதற்குள் தசைநார் கிழிந்துவிடக்கூடும். ஆதலால் பூட்டுகிறவர் பயிற்சியில் மெல்லத் திருப்ப வேண்டும். பூட்டப்பட்டவர் முன்னதாகவே தட்டிப் பணிந்துவிட வேண்டும். கைகள் இரண்டும் சிக்கியிருந்தால் காலால் பாயைத் தட்டலாம், அல்லது வாய்விட்டுச் சொல்லலாம். வலியில் கத்தினாலும் நடுவர் அதைச் சரணாகவே கொண்டு ஆட்டத்தை நிறுத்திவிடுவார்.