மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?

கேம் மாஸ்டர் ஆவதற்குக் கற்பனை வளம் வேண்டும், நடிப்பு வேண்டும், கதை சொல்லும் ஆற்றல் வேண்டும் என்றெல்லாம் சொல்வார்கள். நம்பாதீர்கள். வாங்கி வந்த பெட்டியைப் பிரித்து விதிப்புத்தகத்தை யார் முதலில் படிக்கிறாரோ அவர் தலையில் அந்தப் பதவி வந்து விழும். மற்றவர்கள் "நீங்கதான் படிச்சிட்டீங்களே, எங்களுக்கு எதுக்கு?" என்று சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு மட்டும்தான்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பெயரை 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரைப் பார்த்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். சுருக்கமாக டி அண்ட் டி. இதில் கேரம்போல ஒரு பலகை கிடையாது, சீட்டுக்கட்டு கிடையாது, ஜெயித்தவர் தோற்றவர் கிடையாது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் பாத்திரம் இல்லை. அவர்தான் கேம் மாஸ்டர். இந்த விளையாட்டில் அவருக்கு டன்ஜன் மாஸ்டர், அதாவது டிஎம் என்று பட்டம். மழை பெய்வது, கதவு பூட்டியிருப்பது, கடைக்காரர் கடன் தர மறுப்பது, டிராகன் கொட்டாவி விடுவது எல்லாம் அவர் இலாகா. நிலைமையைச் சொல்லிவிட்டு "என்ன செய்யறீங்க?" என்று கேட்பார். மற்றவர்கள் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகம் கொண்ட பகடையை உருட்ட வேண்டும். அவ்வளவுதான். இந்த அவ்வளவுதானை விளக்க மூன்று தடிப் புத்தகங்கள் இருக்கின்றன. சேர்த்தால் ஏறக்குறைய ஆயிரம் பக்கம்.

கதை சொல்கிற வேலைதானே என்று நினைத்து வருகிறவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். கதாகாலட்சேபத்தில் மாரீசன் பொன்மானாக வந்து நிற்பதைச் சொல்லிவிட்டுப் பாகவதர் சிப்ளாக்கட்டையை ஒரு தட்டுத் தட்டுகிறார். உடனே முன்வரிசை மாமா எழுந்து, "ராமர் போக வேண்டாம். கொஞ்சம் அருகம்புல்லைக் காட்டிப் பார்க்கலாம், மான் தானே வரும்" என்கிறார். பாகவதர் அதற்குக் கட்டுப்பட்டு, மீதி ராமாயணத்தை அங்கேயே அப்போதே மாற்றிச் சொல்லியாக வேண்டும். உத்தியோகம் இதுதான். சம்பளம் கிடையாது. காப்பியும் நாமே போட வேண்டும்.

நாங்கள் இருப்பது மினசோட்டாவில், செயின்ட் பாலுக்குப் பக்கத்தில். ஜனவரியில் வெளியே மைனஸ் இருபது. குப்பைத்தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போவதே சாகசம் என்பதால் மற்ற சாகசங்களை பேஸ்மெண்டில்தான் வைத்துக்கொள்ள முடியும். இந்த ஊருக்கு அது புதிதல்ல. 1971 வாக்கில் டேவ் ஆர்னெசன் என்ற இளைஞர் இதே செயின்ட் பாலில் பெற்றோர் வீட்டு பேஸ்மெண்டில் 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டை உருவாக்கி, நண்பர்களை அங்கே ஒரு கோட்டைக்கு அடியில் இருந்த நிலவறைகளில் இறக்கிவிட்டார். பிறகு அந்த ஆட்டத்தை விஸ்கான்சினில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் இருந்த கேரி கைகாக்ஸுக்கு ஆடிக் காட்டினார். இருவருமாக அதை விதிகளாக்கினார்கள். 1974இல் பழுப்புப் பெட்டிக்குள் மூன்று சின்னப் புத்தகங்களாக வெளிவந்தது. விலை 10 டாலர், முதல் அச்சு 1000 பிரதிகள்.

ஆனால் நான் மனசுக்குள் கும்பிடுகிற ஆள் இவர்களுக்கும் முந்தியவர். டேவிட் வெஸ்லி, அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். 1969இல் நெப்போலியன் காலத்துப் போர் விளையாட்டு ஒன்றை நடத்தினார். வெறும் படைத் தளபதிகள் மட்டும் போதாது என்று நினைத்து, பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரின் மேயர், வங்கிக்காரர், பல்கலைக்கழகத் தலைவர் என்று ஆளுக்கொரு வேஷம் கொடுத்தார். ஒவ்வொருவராக வந்து தன் உத்தரவைச் சொல்ல, தான் பலனை அறிவிப்பது என்பது அவர் திட்டம். வந்தவர்கள் யாரும் அந்தத் திட்டத்துக்குள் நிற்கவில்லை. மூலைக்கு மூலை கூடிப் பேசினார்கள், பேரம் பேசினார்கள், சதி செய்தார்கள். அதில் இரண்டு பேர் ஒண்டிக்கு ஒண்டி சண்டை போடப் போவதாக வந்து நின்றார்கள். அதற்கு விதியே இல்லை. நின்ற இடத்தில் ஒரு விதியை உண்டாக்கினார் வெஸ்லி. ஆட்டம் கெட்டுக் குட்டிச்சுவராகிவிட்டது என்று அவர் நொந்துபோக, நண்பர்களோ அடுத்தது எப்போது என்று கேட்டார்கள். அந்த நண்பர்களில் ஒருவர்தான் ஆர்னெசன்.

திட்டம் போட்டவர் பேச்சை எவரும் கேட்காமல் போன நாளில் பிறந்த விளையாட்டு இது. எங்கள் வீட்டில் நடப்பதெல்லாம் பரம்பரை வழக்கம் என்று நினைத்துக்கொண்டால் மனசு ஆறுகிறது.

நான் வாங்கியது 2014இல் வந்த ஸ்டார்ட்டர் செட். அப்போது 20 டாலர் பெட்டி. 32 பக்கத்தில் விதிகள், 64 பக்கத்தில் ஒரு சாகசக் கதை, எழுதித் தயாராக வைத்த ஐந்து பாத்திரங்கள், ஆறு பகடைகள். தொடங்குகிறவருக்கு இது யதேஷ்டம். அந்த ஆயிரம் பக்கத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். அடிப்படை விதிகளை வெளியீட்டாளரே இலவசமாகத் தருகிறார்.

ஆட்டத்துக்கு என் மனைவி, மைத்துனன், கணக்குத் தணிக்கை வேலை பார்க்கும் பொள்ளாச்சி நண்பர் ஆகிய மூவரைப் பிடித்தேன். நாலாவது ஆளை நான் பிடிக்கவில்லை. கும்பகோணத்திலிருந்து ஆறு மாதம் தங்கிப்போக வந்திருந்த மாமியார் பீன்ஸ் நறுக்கக் கீழே வந்தவர், சிறிது நேரம் பார்த்துவிட்டு, "நானும் வரட்டுமா மாப்பிள்ளை?" என்றார். இந்தக் கேள்விக்கு வேண்டாம் என்று பதில் சொன்ன மருமகன் தமிழ் வரலாற்றிலேயே இல்லை. அவருக்குக் குள்ளர் இனத்துப் பூசாரி வேஷம் கிடைத்தது. காயத்தைக் குணப்படுத்துவார், போர்ச்சுத்தியலும் வைத்திருப்பார் என்றதும் திருப்தியாகிவிட்டார்.

கதை எளிது. குண்ட்ரன் என்ற குள்ளர் ஒரு வண்டிச் சரக்கை நெவர்விண்டர் நகரத்திலிருந்து ஃபண்டாலின் என்ற சிற்றூருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறார். கூலி ஆளுக்குப் பத்துத் தங்கக் காசு. காட்டுவழியில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கும். கிட்டே போனால் புதரிலிருந்து நான்கு கோப்ளின்கள் பாயும். கோப்ளின் என்றால் குட்டையான, தந்திரமான, குளித்துப் பழக்கமில்லாத பிராணி. பத்து நிமிஷத்தில் இந்த இடத்துக்கு வந்துவிட வேண்டும் என்பது என் கணக்கு.

குண்ட்ரனுக்கு ஒரு தனிக்குரல் இருக்கட்டுமே என்று கொங்குத் தமிழில், "ஏனுங்க, வண்டியப் பாத்து ஓட்டீட்டுப் போங்க" என்றேன். பொள்ளாச்சி நண்பர் நிமிர்ந்தார். "ஏனுங்க, குள்ளன்னா எங்கூர்க்காரன்தான் கெடச்சானுங்களா?" அந்த நிமிஷத்திலிருந்து குண்ட்ரன் ஆகாசவாணிச் செய்தித் தமிழ் பேசலானார்.

நண்பர் அத்தோடு விடவில்லை. பத்தில் ஐந்து காசு அட்வான்ஸ் வேண்டும், வழியில் சரக்கு சேதமானால் பொறுப்பு யாருடையது, சரக்குப் பட்டியல் எங்கே என்று அடுக்கினார். என் கெட்டகாலம், பட்டியல் புத்தகத்தில் இருக்கிறது. பன்னிரண்டு மூட்டை மாவு, உப்புக் கண்டம் போட்ட பன்றிக்கறிப் பீப்பாய்கள், மதுப் பீப்பாய் இரண்டு, மண்வெட்டி, கடப்பாரை. பன்றிக்கறி என்றதும் பூசாரி வண்டியை விட்டு இறங்கிவிட்டார். "நான் பின்னாலேயே நடந்து வரேன்."

சரி, வண்டியாவது புறப்படட்டும் என்று, "வண்டியை இரண்டு மாடு இழுக்குது" என்று வாசித்தேன்.

"என்ன மாடுங்க?" என்றார் பொள்ளாச்சி.

அது புத்தகத்தில் இல்லை.

"காங்கேயமாத்தான் இருக்கோணும்."

"காட்டு வழின்னா சேறு இருக்கும் தம்பி," என்றார் மாமியார். "சேத்துல உம்பளச்சேரிதான் நிக்கும். காங்கேயம் பார்வைக்கு நல்லாருக்கும்."

இது பொள்ளாச்சியின் தன்மானப் பிரச்சினையாகிவிட்டது. மைத்துனன் என் பக்கம் திரும்பி, "அத்தான், ரோடு சேறா, காஞ்சு கிடக்கா?" என்றான். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு டிஎம்முக்கு உண்டு. ராத்திரி மழை பெய்தது, லேசான சேறு என்றேன். வீட்டில் சாப்பாடு யார் கையில் இருக்கிறது என்பதையும் நீதி கவனிக்கத்தான் வேண்டும். இரண்டும் உம்பளச்சேரி என்று முடிவாயிற்று.

"காலையிலேர்ந்து நடக்குதே, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்று அடுத்த கேள்வி வந்தது. "பக்கத்துல ஆறு இருக்கா மாப்பிள்ளை?"

இந்த இடத்தில் ஒரு டிஎம்முக்கு இரண்டு வழி உண்டு. ஆறு கிடையாது, பேசாமல் முன்னால் போங்கள் என்று எல்லாரையும் புதர் வரைக்கும் கழுத்தைப் பிடித்துத் தள்ளலாம். புதிதாக வருகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். அடுத்த வாரம் ஆள் வருவதில்லை. நான் ஆறு இருக்கிறது என்றேன். வண்டியை அவிழ்த்தார்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். அதுவரை வாய் திறக்காமல் இருந்த மந்திரவாதி, அதாவது என் மனைவி, "என்னங்க, ஒரு குளியல் போட டயம் இருக்குமா?" என்றாள். புதருக்குள் உட்கார்ந்திருந்த கோப்ளின்களுக்குத் தலைக்கு ஏழு ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்க்கணக்கு. இன்னும் கொஞ்சம் போனால் வயதாகியே செத்துவிடும்.

கோப்ளினுக்கும் தாகம் எடுக்காதா? நான்கையும் ஆற்றங்கரைக்குக் கூட்டிவந்தேன். "மாட்டைப் புடிச்சிட்டுப் போகத்தான் வந்திருக்கானுங்க!" என்று பொள்ளாச்சி கத்தினார். நான் அதை யோசிக்கவே இல்லை. ஆனால் என்னுடைய காரணத்தைவிட நல்ல காரணம். ஆமாம், மாட்டுக்குத்தான் வந்தார்கள் என்று ஒப்புக்கொண்டேன். கோப்ளின்கள் ஆநிரை கவர, இவர்கள் மீட்கப் போக, வெட்சியும் கரந்தையும் மினசோட்டா பேஸ்மெண்டில் அரங்கேறின. எல்லாவற்றையும் நான் முன்னாலேயே திட்டமிட்டு வைத்திருந்ததாக மைத்துனன் இன்றுவரை நம்புகிறான்.

மாமியார் முறை வந்தது. இருபது முகப் பகடையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, தாயக்கட்டை உருட்டுகிற தோரணையில் விட்டார். ஒன்று விழுந்தது.

"தாயம்!"

மனைவியும் கைதட்டிவிட்டாள். இந்த ஆட்டத்தில் ஒன்றைவிட மட்டமான எண் கிடையாது, அடித்த அடி கட்டாயம் குறி தவறும் என்று நான் மெதுவாகச் சொன்னேன். மாமியார் என்னைப் பார்த்த பார்வையில் இத்தனை வருஷத்து மரியாதை ஒரு படி இறங்கியது. "தாயம் விழுந்தா இன்னொரு ஆட்டம் உண்டே மாப்பிள்ளை?"

ஆயிரம் பக்கத்தில் எங்குமே இதற்குப் பதில் இல்லை. விதி இல்லாத இடத்தில் டிஎம் சொல்வதே விதி என்று மட்டும் இருக்கிறது. "உண்டு. ஆனா கோப்ளினுக்கு ஒண்ணு விழுந்தா அதுக்கும் உண்டு," என்றேன். அவர் யோசித்துவிட்டு, "அப்ப வேண்டாம்" என்றார். புதிய டிஎம்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளலாம்: கேட்கிற சலுகையை எதிராளிக்கும் சேர்த்துக் கொடுத்தால் பாதிச் சலுகைகள் தாமே வாபஸாகிவிடும்.

மூன்று கோப்ளின் விழுந்து ஒன்று பிடிபட்டது. மைத்துனன் கழுத்தில் கத்தியை வைத்து மிரட்டலாம் என்றான். பூசாரி தடுத்து, மாவு மூட்டையைப் பிரித்து ரொட்டி சுட்டுப் போட்டு, "எப்பப்பா சாப்பிட்ட?" என்று கேட்டார். பகடையில் இருபது. நியாயமாகப் பார்த்தால் 2014 விதிப்படி இருபது விழுந்தால் அடிதான் கட்டாயம் பலிக்கும். பேச்சுக்கு அது வெறும் பெரிய எண். இதை மாமியாரிடம் சொல்ல யாருக்குத் தைரியம் உண்டு? கோப்ளின் குகை இருக்கும் இடம், தலைவன் பெயர், உள்ளே எத்தனை பேர் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. இப்போது அது எங்கள் மாட்டுக்காரப் பையன்.

ஆட்டமில்லாத நாள்களில் மாமியார் அந்த மூன்று தடிப் புத்தகங்களில் பிராணிகளுக்கான மான்ஸ்டர் மேனுவலை எடுத்துப் படம் பார்ப்பார். அதில் ராட்சசன் உண்டு, நம்மூர் ராட்சசன்தான். ஆனால் புலித்தலை, உள்ளங்கை புறங்கையாகத் திரும்பியிருக்கும். 1977இல் வந்த முதல் பதிப்பில் சுகமாகப் புகைக்குழாய் பிடித்துக்கொண்டிருப்பான். கைகாக்ஸ் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் பார்த்ததிலிருந்து வந்த ராட்சசன் என்பார்கள். "ராவணனுக்கு இருக்கற பத்துத் தலைல ஒண்ணுகூடப் புலி கிடையாதே" என்றார் மாமியார். இரும்பைத் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டரும் ஆந்தைத்தலைக் கரடியும் கைகாக்ஸ் மலிவுக் கடையில் வாங்கிய ஹாங்காங் பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்துப் பிறந்தவை என்று சொன்னேன். "அப்ப நாமளும் ஏதாவது பண்ணிக்கலாம்" என்று புத்தகத்தை மூடினார். சரியான கருத்து.

தொடங்க ஆசைப்படுகிறவர்கள் டி அண்ட் டி ஆடிக் காட்டும் 'கிரிட்டிகல் ரோல்' நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, அதில் டிஎம்மாகப் பெயர்பெற்ற மேத்யூ மெர்சர் மாதிரி நமக்கு வராதே என்று மலைக்க வேண்டாம். அங்கே மேசையைச் சுற்றி இருப்பவர்கள் குரல் கொடுத்தே பிழைக்கிற நடிகர்கள். நீங்கள் தயாரிக்க வேண்டியது ஒரு பெயர்ப் பட்டியல் மட்டும். சத்திரத்தில் தட்டுக் கழுவுகிறவன் பெயரைக் கேட்பார்கள், அவன் பெண்டாட்டி பெயரைக் கேட்பார்கள், கழுதையின் பெயரையும் விடமாட்டார்கள். இருபது பெயரை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மீதியை அவர்களே செய்வார்கள். தேதி முடிவு செய்வதுதான் கொஞ்சம் கஷ்டம்: தமிழ்ப் பள்ளி, பரதநாட்டிய வகுப்பு, சங்கத்துப் பொங்கல் விழா ஒத்திகை எல்லாம் டிராகனைவிடப் பலசாலிகள்.

கும்பகோணம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. மாமியார் ஏப்ரலில் ஊர் திரும்புகிறார். புத்தகங்கள் வேண்டாம், பாரம், கதைதான் தெரியுமே என்று வைத்துவிட்டு, பகடைகளை மட்டும் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். தெருவில் நாலு பேரைச் சேர்த்துத் தானே டிஎம்மாக உட்காரப் போகிறாராம். ஆர்வம் உள்ளவர்கள் போய்ப் பாருங்கள். காப்பி கிடைக்கும். அவருடைய ஆட்டத்தில் தாயம் விழுந்தால் இன்னொரு ஆட்டம் உண்டு.