பூட் ஆகாத சிடி: திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

திருப்பூரைப் பற்றி வந்த ஆய்வுகள் எல்லாம் நூல் விலை, சாயக் கழிவு, நொய்யல், டாலர் மதிப்பு என்று செக்கு சுற்றியே முடிந்துவிட்டன. கம்பெனி ஆபீஸ் ரூமில், டேலி ஓடும் பழைய கம்ப்யூட்டரில் ஒரு லினக்ஸ் சிடியைப் போட்டால் அது ஏன் பூட் ஆவதில்லை என்பதை எந்தப் பல்கலைக்கழகமும் இன்றுவரை எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது. குறை இருந்ததாக வேறு யாரும் சொல்லவில்லை என்பதே இவ்வாய்வின் புதுமைக்குச் சான்று.

ஆய்வு நிலம்: வடக்கே பெருமாநல்லூர், தெற்கே பல்லடம், கிழக்கே ஊத்துக்குளி, மேற்கே மங்கலம். ஆய்வுக் காலம்: 2005 முதல் 2011 வரை. என்னை? எனின், அவ்வாண்டுகளில்தான் கனோனிக்கல் நிறுவனம் ஷிப்இட் என்ற திட்டத்தில், கேட்டவர்க்கெல்லாம் உபுண்டு என்ற லினக்ஸின் சிடியைக் காசு வாங்காமல் தபாலில் அனுப்பியது. ஆலையில் அச்சிட்டு உறை போட்டு வந்த அந்த சிடிகள் பெரும்பாலும் பூட் ஆகித் தொலைத்தன. ஆகவே அவற்றை ஆய்விலிருந்து நீக்கிவிட்டோம். கருதுகோளுக்கு ஒத்துவராத தரவை நீக்குவதில் நமக்குத் தக்க முன்னோடிகள் உண்டு. பலர் இன்று துறைத்தலைவர்கள்.

எஞ்சுவது, பிரௌசிங் சென்டரில் ரைட் செய்து வாங்கிய சிடி. இது பூட் ஆகாமைக்கான காரணங்களை இனி வகுப்போம்.

பயாஸில் ஹார்டு டிஸ்க் முன்னாலும் சிடி டிரைவ் பின்னாலும் நிற்பது முதற்காரணம். டெலிட் பொத்தானோ எஃப்2-வோ இதைத் தீர்த்துவிடும் ஆதலின் ஆய்வுக்கு உரியதன்று. 64 பிட் சிடியை 32 பிட் மெஷினில் போடுவது ஊழ். கரண்ட் கட்டைக் காரணமாக ஏற்றுக்கொண்டால் இந்த ஊரில் எந்த ஆய்வுமே முடியாது. டவுன்லோடு பாதியில் கெட்டிருந்தால் செக்சம் ஒத்துப்போகாது. சிடியில் உள்ள ஐசோலினக்ஸ் என்ற பூட் நிரல், தான் படித்த பகுதி பிழை என்று கண்டால், அதை அறிவித்துவிட்டு ஈற்றில் ‘சாரி’ என்றும் சொல்லி நிற்கும். ஆய்வு நெறியாளர்களிடம் மாணவர் எவரும் கேட்டறியாத சொல் இது.

இவை எல்லாம் சில்லறை. ஆராயத்தக்கது துடைத்தலே.

சிடி பூட் ஆகவில்லை என்றதும் அதை வெளியே எடுத்து, வாயால் ஊதி, துணியால் துடைத்து மறுபடி போடுவது உலக வழக்கு. பிற ஊரார் சட்டை முனையை நாடுவர். இங்கோ மேசைக்கு அடியிலேயே கட்டிங் வேஸ்ட் மூட்டை கிடக்கிறது. எந்தத் துணி என்பதில்தான் அறிஞர் உலகம் பிளந்தது. சிங்கிள் ஜெர்ஸி, 160 ஜிஎஸ்எம், சாயம் ஏறாத வெள்ளை வேஸ்ட், நல்ல பக்கம் சிடியைப் பார்த்திருக்க வேண்டும் என்பது மூத்த மரபு (காண்க: கொடுக்கல் வாங்கல் நோட்டு, பின்னட்டை, டீக்கறைக்குத் தென்மேற்கே). இன்டர்லாக் துணிக்கு இரு பக்கமும் ஒரே முகம் ஆதலால் எந்தப் பக்கம் என்ற சிக்கலே எழாது என்று இளைய மரபினர் வாதிட்டனர். சிக்கல் எழாத துணி ஆய்வுக்கு உதவாது என்று மூத்தோர் அதைத் தள்ளினர். ஃப்ளீஸ் பஞ்சு உதிர்க்கும். உதிர்ந்த பஞ்சு டிரைவின் லென்ஸில் போய் உட்காரும். அங்கே ஏற்கெனவே ஓவர்லாக் மெஷின்களிலிருந்து பறந்து வந்த பஞ்சு உட்கார்ந்திருக்கும். ஆகவே ஃப்ளீஸ் விலக்கப்பட்டது, குளிர்காலம் நீங்கலாக (காண்க: டைம் கீப்பர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் உள்ள விசிட்டிங் கார்டின் மறுபுறம், மேசை விற்கப்பட்டுவிட்டது).

துடைக்கும் திசை பற்றியும் ஒரு சொல். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். சிடியின் தடம் 1.6 மைக்ரான் இடைவெளியில் சுருள் சுருளாகப் போகிறது. குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் துளி இடத்தையே கெடுக்கும். பிழை திருத்தும் கணக்கு அதை ஈடுகட்டிவிடும். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் தடத்தோடு தடமாக ஓடி, ஈடுகட்ட முடியாத நீளத்துக்குத் தரவை அழித்துவிடும். இச்செய்தி உண்மையாக இருந்தமையால் எந்த மரபும் இதைக் கைக்கொள்ளவில்லை. சர்க்குலர் நிட்டிங் மெஷின் சுற்றுவதைப் பார்த்தே வளர்ந்த கை வேறு எப்படித் துடைக்கும் என்று உரையாசிரியர் அமைதி கூறுவர்.

துடைத்தும் தீராதபோது ஆய்வு சாயத்துக்குப் போயிற்று. நகைக்க வேண்டா. ரைட் செய்யும் சிடி என்பது சாயம் போட்ட சரக்கு. பாலிகார்பனேட் தட்டில் சயனின், தாலோசயனின், அசோ ஆகிய மூன்றில் ஒரு சாயத்தைப் பூசி, அதன்மேல் வெள்ளியோ தங்கமோ ஏற்றுகிறார்கள். லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டுத்தான் எழுதுகிறது. தாலோசயனின் என்ற சொல் காதில் விழுந்ததும் டையிங் மாஸ்டர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். காட்டனுக்குப் போடும் டர்க்காய்ஸ் நீலமும் அதே குடும்பம். சீராக ஏறாது, அலசினால் தண்ணீர் தெளியாது. டர்க்காய்ஸ் லாட்டைக் கையில் எடுத்த மாஸ்டர் அன்று வீட்டுக்குப் போக மாட்டார்.

உடனே சிடி லைட் பாக்ஸில் வைக்கப்பட்டது. டி65 விளக்கில் ஒரு நிறம், டிஎல்84-இல் இன்னொரு நிறம். ‘ஷேடு மாறுதுங்க, ரீ-டையிங் போட்றலாம்’ என்பது முதல் தீர்ப்பு. ரப்பிங் சோதனையில் கிரே ஸ்கேல் மதிப்பு 4-5 கிடைத்தது. பையர் தட்டாமல் எடுத்துக்கொள்ளும் மதிப்பு. வாஷிங் சோதனைக்குப் பின் அந்த சிடியைக் கொண்டு மேலும் ஆராய இயலவில்லை (காண்க: லாரி புக்கிங் ரசீது, மஞ்சள் பிரதி, வெள்ளைப் பிரதியில் இவ்வரி இல்லை, இளஞ்சிவப்புப் பிரதி கன்டெய்னரோடு தூத்துக்குடி போய்விட்டது, கார்பன் தாள் நழுவியதால் வந்த இடைச்செருகல் என்பாரை, இக்கட்டுரையின் எழுதப்படாத இரண்டாம் பாகம் பெயர் சுட்டாமல் மறுக்கும்).

அசோ சாயக் கொள்கை இதனினும் ஆழமானது. தீங்கான அமீன்களை வெளிவிடும் அசோ சாயங்களை ஜெர்மனி 1994-இல் தடுத்தது. இந்தியா 1997-இல் தடுத்தது. எனவே ஜெர்மனிக்குப் போகும் பார்சல் அடுக்கிய அறையில் அசோ சிடி ஓடக் கூசுகிறது என்றனர் ஒரு சாரார். மற்றொரு சாரார் காலக்கணக்கை எடுத்தனர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் ஷிப்இட் திட்டம் நின்றது. சாயம் நின்றதால் சிடி நின்றது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரே நூற்றாண்டில் நடந்த இரண்டு செய்திகளை முடிச்சுப் போட்டு முனைவர் ஆனவர்கள் இருக்க, ஒரே ஆண்டில் நடந்ததை முடிச்சுப் போட்ட நம்மைக் குறை சொல்வாரில்லை.

இந்நிலையில், பீஸ் கணக்குக் கொடுக்க வந்த செக்கிங் செக்‌ஷன் அக்கா ஒருவர், ஆபீஸ் ரூமில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறொரு சிடியைத் திறந்து பார்த்துவிட்டார். “ஏனுங்ணா, இதுக்குள்ள ஒரே ஒரு ஃபைல்தானுங்க கெடக்குது. எம்பட பையன் வெச்சிருக்கறதுல நெறையா ஃபோல்டரு இருக்குமுங்க” என்றார்.

இதன் பொருளாவது: ஃபீனிக்ஸ், ஐபிஎம் இரண்டும் சேர்ந்து 1995-இல் வகுத்த எல் டொரிட்டோ விதிப்படி, பயாஸ் நேராகச் சிடியின் 17-ஆம் செக்டாருக்குப் போய்ப் பார்க்கும் (0-விலிருந்து எண்ணுவார் மரபு; 1-லிருந்து எண்ணுவாரோடு நமக்குப் பேச்சில்லை). பூட் குறிப்பு அங்கே இருந்தால்தான் மேற்கொண்டு நகரும். அக்கா கண்ட அந்த ஒரே ஃபைலான ஐஎஸ்ஓ-வை இமேஜாக ரைட் செய்தால் குறிப்பு தன் இடத்தில் போய் அமரும். பிரௌசிங் சென்டர் தம்பி அதைச் சினிமாப் பாட்டு காப்பி செய்வதுபோல் டேட்டா டிஸ்க்காக ரைட் செய்து கொடுத்திருக்கிறார். ஏறத்தாழ 700 எம்பியும் பிரிக்காத பேலாக உள்ளே கிடக்க, குறிப்பும் அந்தப் பேலுக்குள்ளேயே கிடக்கிறது. பயாஸுக்குப் பேல் பிரிக்கும் வழக்கம் இல்லை.

அக்காவின் கூற்றை ஆய்வுக் குழு கூடிப் பரிசீலித்தது. அவர் எந்த நோட்டின் பின்னட்டையையும் மேற்கோள் காட்டவில்லை. முந்தைய மரபுகளை மறுக்கவோ ஏற்கவோ இல்லை. துடைக்கவும் இல்லை. ஆராயப்படும் பொருளைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது ஆய்வு நெறிக்கு முரணானது. நூலைத் திறக்காமலே நூலாராய்ச்சி செய்த பெரியோர் கட்டிய மரபு ஒரு நாளில் சரிந்துவிடும். எனவே அவர் சொன்னது வாய்மொழி வழக்காறு என்ற பிரிவில் சேர்க்கப்பட்டு, நாட்டாரியல் துறைக்கு அனுப்பப்பட்டது.

இது குறித்துப் பன்னாட்டுக் கருத்தரங்கம் ஒன்று நடக்கும். பன்னாட்டுத் தகுதிக்கு, பையர் சாம்பிள் பார்க்க வரும் நாளையே தேர்ந்துள்ளோம். அவர் குத்துவிளக்கு ஏற்றுவார், எதற்கென்று சொல்லப்படமாட்டாது. சம்பள நாள் ஆகையால் சனிக்கிழமை விலக்கு. பதிவுக் கட்டணம் கட்டியவர்க்குச் சான்றிதழ் கருத்தரங்குக்கு முன்பே தரப்படும். கட்டுரையாளர்கள் தத்தம் கட்டுரையை ஒரே ஃபைலாக சிடியில் ரைட் செய்து அனுப்புக. அனுப்புமுன் துடைக்கவும். இன்டர்லாக் வேண்டா.