திருவள்ளுவரைக் கொடுத்து டீ குடித்தவர்கள்

திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் பூட்டு என்பது ஒரு சம்பிரதாயம். கதவுக்கு ஒரு பூட்டு, அதற்கு மூன்று சாவி. ஒன்று எப்போதோ தொலைந்துபோனது. இன்னொன்று ஊருக்குப் போனவனின் பேன்ட் பாக்கெட்டில் இருக்கும். மூன்றாவது கதவு நிலையின் மேல். அது அங்கேதான் இருக்கிறது என்பது அறைவாசிகளுக்கும், பக்கத்து அறைக்காரர்களுக்கும், தண்ணி கேன் போடும் அண்ணனுக்கும் தெரியும். கட்டில் மூன்று, மின்விசிறி ஒன்று, பொதுவுடைமை நூறு விழுக்காடு. இப்படிப்பட்ட இடத்துக்கு ஒருவன் பழங்காசுச் சேகரிப்போடு குடிவருவானா?

வந்தான். கரூர்ப் பக்கத்துக்காரன், வரலாறு முதுகலை மாணவன். அமராவதி ஆற்றுப் படுகையில் சங்க காலக் காசும் ரோமானியக் காசும் கிடைத்த ஊரில் பிறந்தவனுக்குக் காசுப் பைத்தியம் பிடித்ததில் வியப்பில்லை. அதைச் சென்னைக்கு எடுத்துவந்ததுதான் வியப்பு. வீட்டிலேயே விட்டுவிட்டு வரலாமே என்றால், வீட்டில் அம்மா இருக்கிறார். பள்ளிக் காலத்தில் அவன் உண்டியலில் சேர்த்த அலுமினிய இருபது காசுகளை மொத்தமாகப் பழைய இரும்புக்காரரிடம் போட்டு பிளாஸ்டிக் குடம் வாங்கியவர் அவர். குடம் இன்னும் உழைக்கிறது. அதைச் சொல்லிக்காட்ட அவர் தவறுவதும் இல்லை.

பிஸ்கட் டின் ஒன்றுக்குள் அடங்கிய சேகரிப்பு அது. முதலில் ராஜராஜ சோழனின் செப்புக்காசுகள்: ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அருகே நாகரி எழுத்தில் பெயர். ஆயிரம் ஆண்டு கழித்தும் ஏராளமாகக் கிடைப்பதால் சில நூறு ரூபாய்க்கே வாங்கிவிடலாம். மாணவனின் பட்ஜெட்டுக்குள் அடங்குகிற பேரரசர் வேறு யார்? அடுத்து விக்டோரியா மகாராணியின் வெள்ளி ரூபாய்கள். 1876 வரை வெறும் அரசி, 1877 முதல் பேரரசி என்று அம்மையார் காசிலேயே பதவி உயர்வு பெற்றது தெரியும். 1940-இல் வெள்ளியின் அளவு பாதிக்குக் குறைக்கப்படும் வரை ரூபாயில் 91.7 விழுக்காடு வெள்ளி இருந்தது. கடைசியாகச் சுதந்திர இந்தியாவின் நினைவு நாணயங்கள்: 1995 தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டுக்காக வந்த திருவள்ளுவர், 2003-இல் நூற்றாண்டு கண்ட காமராஜர், 2009-இல் தமிழ்க் கையெழுத்தோடு வந்த அண்ணா.

இந்தக் கடைசி வகையில் ஒரு சங்கடம் உண்டு. தபால் தலையைச் சேர்ப்பவனுக்கும் தீப்பெட்டிப் படத்தைச் சேர்ப்பவனுக்கும் இல்லாத சங்கடம். அவனுடைய சொத்து கடையில் செல்லும்.

முதல் மாதத்திலேயே செலவானது. அறைத்தோழர்களில் ஒருவன் சி.ஏ. படிப்பவன், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டீ இல்லாவிட்டால் அவனுக்கு வரவும் செலவும் பொருந்தாது. நம் ஆள் மேசையில் காசுகளைப் பரப்பிப் பட்டியல் எழுதிவிட்டு அப்படியே தூங்கிப்போனான். காலையில் மூன்று காசு குறைந்தது.

"மச்சி, மேசையில கிடந்த சில்லறைய எடுத்துட்டுப் போனேன்டா. ஜிபே பண்ணிட்டேன் பாரு."

செல்பேசியில் பதினைந்து ரூபாய் வந்திருந்தது. வள்ளுவர், காமராஜர், அண்ணா ஆகிய மூவரும் சேர்ந்து ஒரு டீ. ஓடிப்போய்க் கேட்டால், டீக்கடை அண்ணன் கல்லாவைக் கலக்கிப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் அப்பவே மீதிச் சில்லறையா போயிடுச்சு தம்பி" என்றார். யாரிடம்? "வெள்ளச் சட்ட போட்ட ஒருத்தர்."

சி.ஏ.க்காரனைத் திட்டவும் முடியாது. அவன் எதையும் திருடவில்லை. முகமதிப்பை ஒரு பைசா குறையாமல் திருப்பிக் கொடுத்துவிட்டான். இதில் அவனுக்கு முன்னோடியும் உண்டு. 1894-இல் சான்பிரான்சிஸ்கோ நாணயச் சாலை பத்து சென்ட் காசுகளில் 24 மட்டுமே அடித்தது. சாலையின் தலைவர் அவற்றில் மூன்றைத் தம் சிறு மகளிடம் கொடுத்து, பெரியவளாகும் வரை பத்திரமாக வைத்திருக்கச் சொன்னாராம். அந்தக் குழந்தை வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஒன்றைக் கொடுத்து ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டது என்றொரு கதை சேகரிப்பாளர்களிடையே உலவுகிறது. கதை நிஜமோ பொய்யோ, அந்த 24-இல் ஒரு காசு 2016-இல் ஏறக்குறைய 20 லட்சம் டாலருக்கு ஏலம் போனது நிஜம். அதோடு ஒப்பிட்டால் டீ மலிவுதான்.

இந்த நஷ்டத்துக்குப் பிறகு நம் ஆள் வகுத்த பாதுகாப்புத் திட்டம் அவனுடைய வாழ்நாள் சாதனை என்று சொல்ல வேண்டும். டின்னின் மேல்தட்டு முழுக்கப் பத்து ரூபாய் நாணயங்களைப் பரப்பினான். பத்து ரூபாய்க் காசு செல்லாது என்று யாரோ கிளப்பிவிட்ட புரளியால் தமிழ்நாட்டின் பல ஊர்களில் கடைக்காரர்கள் அதைத் தொடவே மாட்டேன் என்கிறார்கள். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, இதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று அறிக்கையே விட்டது. அறிக்கை மும்பையிலிருந்து கிளம்பியது உண்மை. பெட்டிக்கடை வரை வந்து சேரவில்லை. ராத்திரி டீக்குச் சில்லறை தேடி டின்னைத் திறந்த சி.ஏ.க்காரன், மேலே பத்து ரூபாய்க் காசுகளைப் பார்த்ததும் மரியாதையாக மூடி வைத்தான். "அத எவன்டா வாங்குவான்?" ஒரு மைய வங்கியின் தோல்வி ஒரு மாணவனின் சொத்தைக் காப்பாற்றியது.

ஆனால் பணமாகப் பார்ப்பவனைத் தடுக்கலாம், பாத்திரமாகப் பார்ப்பவனை?

இன்னொரு அறைத்தோழன் தஞ்சாவூர்க்காரன், டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிப்பவன், தங்கமான குணம். இந்தத் தங்கமான குணம்தான் சேகரிப்பாளர்களின் முதல் எதிரி. ஆயுத பூஜைக்கு அறையைச் சுத்தம் செய்தவன், நம் ஆள் நூலகத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, மெஸ்ஸில் ஓர் உருண்டை புளி வாங்கிவந்து உப்புச் சேர்த்து ராஜராஜனைத் தேய்த்துவிட்டான். குத்துவிளக்கு துலக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளை, குறை சொல்ல முடியுமா? விக்டோரியாவுக்கு விபூதி. வெள்ளிக்கு விபூதிதான் சரி என்று அவனுடைய ஆத்தா சொல்லியிருக்கிறார்.

"எல்லாம் கறுத்துப் போயிருந்துச்சு மச்சான். இப்பப் பாரு, நேத்துச் செஞ்ச மாதிரி இருக்கு!"

அதுதான் பிரச்சினை. செம்பின் மேல் நூற்றாண்டுக் கணக்கில் படிகிற கரும்பச்சைப் படலம் அழுக்கு அல்ல; அடியில் இருக்கும் உலோகத்துக்குக் கவசம், காசின் வயதுக்குச் சாட்சி. புளியின் அமிலம் அதைக் கரைப்பதோடு நிற்காமல் எழுத்தின் ஓரங்களையும் மழுக்கிவிடும். விபூதி வெள்ளிக்கு மெல்லிய உப்புத்தாள். நுண்ணிய கீறல்கள் விழுந்தால் எந்தப் பட்டறையிலும் திருப்பிப் போட முடியாது. துலக்கிய காசை வியாபாரி ஒரு நொடியில் கண்டுபிடித்து விலையைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடுவார். ஆயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்து தப்பித்த ராஜராஜன், திருவல்லிக்கேணியில் அரை மணி நேரத்தில் செக்கச்செவேல் என்று ஆகிப்போனார். அன்று மாலை பூஜையில் காசுகள் சாமி படத்தின் முன்னால் பொரிகடலைத் தட்டில் வைக்கப்பட்டிருந்தன. நம் ஆள் வாய் திறக்கவில்லை. சுண்டலை மட்டும் வாங்கிக்கொண்டான்.

மிச்சத்தைக் கடல் பார்த்துக்கொண்டது. மெரினாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் உப்புக்காற்றுக்குப் பஞ்சமில்லை. உப்பிலுள்ள குளோரைடு ஈரத்தோடு சேர்ந்தால் செம்புக்காசில் வெளிர்பச்சைப் பொடியாகப் பூக்கும், தொட்டால் உதிரும். அதற்குப் பயந்து காசுகளை மலிவான பிளாஸ்டிக் உறைகளில் போட்டால், சிலவகை பி.வி.சி. உறைகளே நாளடைவில் பச்சைப் பிசுபிசுப்பைக் கக்கும். உறைகளைச் சேர்த்துக் கட்ட மெஸ் பொட்டலத்து ரப்பர் பேண்டை எடுத்தால், ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். பஜ்ஜி தின்ற விரலால் தொட்டால் கைரேகை காசில் நிரந்தரமாகப் பதியும். போலீசுக்கு வசதி, சேகரிப்பாளனுக்கு மாரடைப்பு. கடைசியில் ஈரம் உறிஞ்ச அவன் நாடியது, மேன்ஷனில் யார் புது ஷூ வாங்கினாலும் பெட்டிக்குள் கிடக்கும் சிலிகா ஜெல் பொட்டலங்களை. "ஷூ வாங்கினியா? பெட்டிய எனக்குக் குடு" என்று அறை அறையாகக் கேட்டுத் திரிந்தவனுக்கு ஏதோ கோளாறு என்று இரண்டாம் மாடி முழுக்க முடிவுகட்டியது.

டின் கட்டிலுக்கடியில் இருப்பது மேனேஜர் காதுக்குப் போனது. "பொதையலாமே தம்பி? கவர்மென்ட்ல சொல்லணுமாமே?" அவர் கேட்டதிலும் கொஞ்சம் சட்டம் இருக்கிறது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்திருந்து பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எதையும் கண்டெடுத்தால் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவித்தாக வேண்டும். நூற்றைம்பது ஆண்டு விலைவாசி சட்டத்தின் கண்ணில் இன்னும் படவில்லை. கடையில் வாங்கிய காசுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று மாணவன் விளக்கினான். ஆனால் அந்தக் கட்டிலுக்கடியில் சேர்ந்திருந்த தூசியின் கனத்தைப் பார்த்தால், அதை மண் என்று வாதாட ஒரு நல்ல வக்கீலால் முடியும்.

வாட்ஸ்ஆப்பில் ஒரு நாள் ஒரு தகவல் வந்தது: வைஷ்ணோ தேவி உருவம் பொறித்த காசு உங்களிடம் இருந்தால் பல லட்சம்! இந்த வகை மோசடி பெருகித்தான் 2021 ஆகஸ்டில், எங்கள் பெயரைச் சொல்லிப் பழைய காசு, நோட்டு வாங்குகிறோம் என்று கமிஷன் கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கி எச்சரித்தது. அந்த எச்சரிக்கையும் பத்து ரூபாய் அறிக்கை போன வழியிலேயே போனது. மேன்ஷனில் அன்று ராத்திரியே நம் ஆள் லட்சாதிபதி. அதுவரை அவனைப் பார்த்துத் தலையாட்டாதவர்கள் "சாப்டியா தம்பி?" என்று விசாரித்தார்கள். யாரும் அவனை இப்படிப் பயமுறுத்தியதில்லை.

பயத்துக்குக் காரணமும் இருந்தது. பெர்லினின் போடே அருங்காட்சியகத்தில் நூறு கிலோ எடையும் 53 செ.மீ. விட்டமும் கொண்ட கனடாத் தங்கக் காசு ஒன்று இருந்தது. முகமதிப்பு 10 லட்சம் டாலர். 2017 மார்ச் 27 அதிகாலையில் ஏணி போட்டு ஜன்னல் வழியே நுழைந்து தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். தண்டனை பெற்றவர்களில் ஒருவன் அதே அருங்காட்சியகத்தில் காவலாளியாக வேலைபார்த்தவன். காசு இன்றுவரை கிடைக்கவில்லை. கண்ணாடிப் பேழை, அலாரம், காவலாளி எல்லாம் வைத்திருந்தவர்களுக்கே இந்தக் கதி. இங்கே இருப்பது பிஸ்கட் டின்னும் நிலைமேல் சாவியும்.

எதிர்த்திசையில் ஓர் உதாரணமும் அவனிடம் இருந்தது. அமெரிக்காவின் 1913 லிபர்ட்டி ஐந்து சென்ட் காசு, உலகத்தில் மொத்தமே ஐந்து. அதில் ஒன்றை வைத்திருந்த ஜார்ஜ் வால்டன் 1962-இல் நாணயக் கண்காட்சிக்குப் போகும் வழியில் கார் விபத்தில் இறந்தார். நிபுணர்கள் பார்த்துவிட்டு அது போலி என்று வீட்டாரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அவருடைய சகோதரி அதை ஓர் உறையில் போட்டு அலமாரியில் வைத்தார். நாற்பது ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. பூட்டில்லை, கூர்க்கா இல்லை, யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை. 2003-இல் மற்ற நான்கோடும் ஒப்பிட்டுப் பார்த்தபோது அசல் என்று தெரிந்தது. 2013-இல் 31 லட்சம் டாலருக்கு மேல் விலை போனது. 'போலி' என்ற ஒரு சொல் செய்த காவலை எந்த இரும்புப் பெட்டி செய்யும்?

ஆகவே டின்னின் மேல் கொட்டை எழுத்தில் 'செல்லாக்காசு' என்று எழுதி ஒட்டினான். வதந்தி ஒரு வாரத்தில் அடங்கியது. தம்பியைச் சாப்பிட்டாயா என்று கேட்பதும் நின்றது.

அப்படியும் தூக்கம் வராமல் ஒரு நாள் வங்கி லாக்கர் விசாரிக்கப் போனான். உள்ளே என்ன இருக்கிறது என்று வங்கிக்கே தெரியாது என்பது அவனுக்கு ரொம்பப் பிடித்தது. திருட்டோ, தீயோ, ஊழியர் மோசடியோ நடந்தால் ஆண்டு வாடகையைப் போல் அதிகபட்சம் நூறு மடங்குதான் வங்கி தரும் என்ற 2022 விதிமுறையும் கணக்குக்கு ஒத்துவந்தது. ஒத்துவராதது ஒன்றுதான்: காசைப் பார்க்க வேண்டும் என்று தோன்றுவது ராத்திரி பதினொரு மணிக்கு, வங்கி மூடுவது சாயங்காலம். யாருக்கும் காட்டாமல் மறைக்க வேண்டும், யாருக்காவது காட்டியே ஆகவும் வேண்டும். இந்த வியாதிக்கு எந்த வங்கியிலும் லாக்கர் இல்லை.

காட்டத்தான் செய்தான். அதுவும் சி.ஏ.க்காரனிடமே. ஒரே வருடத்து ஐந்து ரூபாய் எதற்கு நாலு என்று அவன் கேட்டுவைக்க, நம் ஆள் லென்ஸை எடுத்துவிட்டான். வருடத்துக்குக் கீழே பார்: வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லை என்றால் கொல்கத்தா. சி.ஏ.க்காரன் தன் பாக்கெட்டைக் கவிழ்த்தான். அன்று ராத்திரி டீக்குப் போகவில்லை. மறுவாரம் அவனுக்கும் ஒரு டின் வந்தது. அதற்குத் திண்டுக்கல் பூட்டு, சாவி அரைஞாணில்.

போன மாதம் இருவரும் அண்ணா சாலையில் பஸ் ஏறினார்கள். சாதாரணக் கட்டணப் பேருந்து, ஆளுக்கு ஐந்து ரூபாய். கண்டக்டர் வந்து நின்றார். சி.ஏ.க்காரன் கையிலிருந்த ஒரே ஐந்து ரூபாயைத் திருப்பிப் பார்த்தான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், பிறகு பாக்கெட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நூறு ரூபாய் நோட்டை நீட்டினான்.

"கையில சில்லறை இருக்குல்ல, குடுப்பா."

"சார், அது நொய்டா."

"நொய்டாவுக்கெல்லாம் இந்த வண்டி போகாது, எறங்கு."